கொப்பியில் இருந்த வாப்பா: கட்டுரையில் சொல்வதும் காட்டுவதும்

"என் வாப்பா மிகவும் அன்பானவர். அவர் தினமும் காலையில் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் பாடசாலைக்கு அழைத்துச் செல்வார். மாலையில் எனக்குப் பாடம் சொல்லித் தருவார். ஓய்வு நேரங்களில் வீட்டுத் தோட்டத்தில் வேலை செய்வார். என் வாப்பாவைப் போல் ஒருவர் இந்த உலகத்திலேயே இல்லை."

என் தங்கை எழுதிய கட்டுரையின் தொடக்கம் இது. அவளுக்குப் பத்து வயது. வெளியூரில் உள்ள ஒரு கல்லூரியில் ஆறாம் தரத்தில் சேர்வதற்காக நுழைவுப் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். அந்தப் பரீட்சையில் கணிதம், பொது அறிவு இவற்றோடு ஒரு கட்டுரையும் உண்டு. நேரம் முப்பது நிமிடம். நான் உயர்தரத்தில் தமிழை ஒரு பாடமாகப் படிக்கிறேன் என்பதால், கட்டுரையைத் திருத்தும் பொறுப்பை உம்மா என்னிடம் தந்திருந்தார்.

எழுத்துப் பிழை இல்லை. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. ஒரேயொரு குறைதான். எங்கள் வாப்பா ஏழு வருடங்களாகக் கட்டாரில் வேலை செய்கிறார். எங்கள் வீட்டில் மோட்டார் சைக்கிள் இல்லை. தோட்டம் என்று சொல்வதானால், ஒரு முருங்கை மரமும் கிணற்றடியில் கொஞ்சம் ரம்பையும்தான்.

"இது ஆருட வாப்பா?" என்று கேட்டேன்.

"டியூஷன் கொப்பியில உள்ள வாப்பா, ராத்தா" என்றாள், கொஞ்சமும் யோசிக்காமல்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொப்பியை வாங்கிப் பார்த்தேன். 'என் தந்தை' என்ற தலைப்பில் ஒரு மாதிரிக் கட்டுரை இருந்தது. அதில் 'அப்பா' என்றிருந்த இடங்களையெல்லாம் அவள் 'வாப்பா' என்று மாற்றியிருந்தாள். கடைசிப் பந்தியில் ஓரிடத்தில் மட்டும் மாற்ற மறந்துவிட்டாள். அதைக் கண்டதும் என் சிரிப்பு நின்றுவிட்டது. தன் வாப்பாவைப் பற்றி எழுதச் சொன்னால் வேறு ஒருவருடைய அப்பாவை எழுத வேண்டும் என்று பத்து வயதுப் பிள்ளை எங்கே கற்றுக்கொள்கிறது? நானும் அவளுடைய வயதில் அப்படித்தான் எழுதினேன். என் கொப்பியில் இருந்தது ஒரு பாட்டி.

அன்றிலிருந்து பரீட்சை வரைக்கும் நாங்கள் இருவரும் ஒரே ஒரு விடயத்தைத்தான் பயிற்சி செய்தோம். சொல்வதைக் குறைத்துக் காட்டுவதைக் கூட்டுவது. அந்தப் பயிற்சியில் நாங்கள் கண்டுகொண்டதை என் தங்கைமாருக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் இங்கே எழுதுகிறேன்.

தீர்ப்பும் சாட்சியும்

'அன்பானவர்' என்று எழுதுவது ஒரு தீர்ப்பு. வழக்கு என்ன, சாட்சி யார் என்று ஒன்றுமே சொல்லாமல் நாம் தீர்ப்பை மட்டும் வாசித்துவிடுகிறோம். வாசிப்பவர் அதை நம்பவும் முடியாது, மறுக்கவும் முடியாது. அடுத்த வசனத்துக்குப் போய்விடுவார். அதேவேளை, அந்த மனிதர் செய்த ஒரு சிறிய செயலை நாம் கண்முன் வைத்தால், 'எவ்வளவு அன்பானவர்!' என்று வாசிப்பவரே சொல்வார். தீர்ப்பு அவருடையதாகிவிடும். தானே கண்டுபிடித்த ஒன்றை யாரும் இலகுவில் மறப்பதில்லை.

இதை விளங்கிக்கொள்ள எனக்கு உதவியது சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை. பாண்டியன் அவையில் கண்ணகி தன் கணவன் கள்வன் அல்லன் என்கிறாள். அரசன் நம்பவில்லை. கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்கிறான். அவள் எவ்வளவு உரத்துச் சொல்லியிருந்தாலும் அது ஒரு பெண்ணின் சொல்லாகவே இருந்திருக்கும். அவள் தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். தன் தேவியின் சிலம்பில் உள்ளது முத்து என்று அரசன் வாயாலேயே வருகிறது. பிறகு கோவலனிடமிருந்து கைப்பற்றிய சிலம்பை உடைக்கிறாள். மாணிக்கம் தெறிக்கிறது. அதன் பிறகு அவள் எதையும் நிரூபிக்கத் தேவையில்லை. அரசனே தன்னைக் குற்றவாளி என்று அறிந்து வீழ்கிறான்.

'என் கணவன் நல்லவன்' என்பது சொல்வது. சிலம்பை உடைப்பது காட்டுவது. நம் கட்டுரையில் எங்கே சிலம்பு உடைகிறது என்று கேட்டுப் பார்த்தாலே போதும்.

இது நமக்குப் புதியதல்ல

காட்டி எழுதுவது ஆங்கிலப் பாடத்திலிருந்து வந்த புது முறை என்று சிலர் நினைக்கிறார்கள். தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே இருக்கிறது. மெய் என்றால் உடம்பு. உள்ளத்தில் எழும் உணர்வு பிறருக்குத் தெரியும்படி உடம்பில் வெளிப்படுவதே மெய்ப்பாடு. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் பிறக்கும் இடங்களை நான்கு நான்காகச் சொல்கிறார். வறுமையும் இழப்பும் அழுகைக்கு இடமாகும். கொடிய விலங்கும் கள்வரும் அச்சத்துக்கு இடமாவார்கள். 'பயந்தேன்' என்று எழுதுவதற்கு முன், எதனால் பயந்தேன், அந்தப் பயம் என் உடம்பில் எங்கே தெரிந்தது என்று யோசிக்கும் பழக்கம் இந்த மொழிக்கு மிகப் பழையது.

நம் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்திலும் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலம் நம்மில் பலருக்குத் தெரியும். வேடனிடம் அகப்பட்ட பெண்மான், தன் குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டு வருவதாகக் கெஞ்சுகிறது. அதற்காக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிணை நிற்கிறார்கள். மான் போகிறது. சொன்னபடி திரும்பி வருகிறது, அதுவும் தன் குட்டியையும் அழைத்துக்கொண்டு. நம்பிக்கை, வாக்குத் தவறாமை, கருணை எல்லாம் அந்த ஒரு காட்சியில் இருக்கின்றன. குட்டி கூடவே வந்தது என்ற ஒரு விபரம், பல அறிவுரைகள் செய்ய முடியாததைச் செய்துவிடுகிறது.

தங்கச்சியின் இரண்டாவது கட்டுரை

நான் கொப்பியை மூடி வைத்துவிட்டு அவளிடம் கேள்வி கேட்கத் தொடங்கினேன். "வாப்பா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் மறுபடியும் "அன்பானவர்" என்றுதான் வரும். அதனால் கேள்வியை மாற்றினேன். வாப்பாவை நீ கடைசியாகப் பார்த்தது எப்போது? அப்போது அவர் முகத்தில் எது தெரிந்தது? என்ன சொன்னார்? அவர் இங்கே வந்து நின்ற நாட்களில் நீ என்ன செய்தாய்?

முதலில், "எனக்குத் தெரியா" என்றாள். பிறகு மெல்ல மெல்லச் சொல்லத் தொடங்கினாள். சொன்னதையே எழுதச் சொன்னேன். அவள் எழுதியது இது:

"வாப்பா இரவு ஒன்பது மணிக்குப் போனில் வருவார். அங்கே அப்போது ஆறரை மணிதான். அவர் போனை எப்படிப் பிடித்தாலும் நெற்றியும் மேலே சுற்றும் மின்விசிறியும்தான் தெரியும். 'மகள் சாப்பிட்டயா?' என்று கேட்பார். நான் கோப்பையைத் தூக்கிக் காட்டுவேன். 'நீங்க வாப்பா?' என்று கேட்டால், 'ஓம், ஓம்' என்பார். ஒருநாளும் அவருடைய கோப்பையைக் காட்டியதில்லை. போன வருடம் வாப்பா லீவில் வந்தார். அந்த நாட்களில் நான் எழும்பியதும் முதலில் வாசலுக்குத்தான் போவேன். அவருடைய செருப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பல் விளக்குவேன்."

இதில் 'அன்பு' என்ற சொல் இல்லை. 'ஏக்கம்', 'பிரிவு', 'தியாகம்' எதுவும் இல்லை. ஆனால் எல்லாம் இருக்கின்றன. எப்படி வந்தன என்று இருவரும் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தோம். நான்கு வழிகள் கிடைத்தன.

முதலாவது, செயல். அவள் காலையில் வாசலுக்குப் போகிறாள். அவளுடைய பயத்தை அந்த நடையே சொல்லிவிடுகிறது.

இரண்டாவது, பொருள். ஒரு சோடிச் செருப்பு. வாப்பா வீட்டில் இருக்கிறார் என்பதற்கு அந்தப் பிள்ளை வைத்திருக்கும் அத்தாட்சி அது.

மூன்றாவது, பேச்சு. 'ஓம், ஓம்' என்று ஒரு சொல்லை இரண்டு தடவை சொல்கிறார். ஒரு தடவை சொல்லியிருந்தால் அது பதில். இரண்டு தடவை சொன்னதால் அது ஒரு மறைப்பு.

நான்காவது, இல்லாதது. காட்டாத கோப்பை. இருப்பதை மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்கு இது இலகுவில் அகப்படாது. ஆனால் பிள்ளைகள் இதில் கெட்டிக்காரர்கள்.

சில பயிற்சிகள்

பிறகு நாங்கள் தினமும் மூன்று வசனங்களை எடுத்து மாற்றி எழுதினோம். சொல்லும் வசனம் ஒன்று, காட்டும் வசனம் ஒன்று. அவற்றில் சில:

சொல்வது: பரீட்சை மண்டபத்தில் எனக்குப் பயமாக இருந்தது.
காட்டுவது: சுட்டெண்ணை எழுதும்போது ஒரே இலக்கத்தை இரண்டு தடவை எழுதிவிட்டேன்.

சொல்வது: அந்தக் குடும்பம் வறுமையில் வாடியது.
காட்டுவது: பிள்ளைகளுக்குச் சோறு போட்டு முடிய, அகப்பை சட்டியின் அடியில் உரசிச் சத்தம் கேட்டது. "எனக்குப் பசிக்கல்ல" என்றார் உம்மா.

சொல்வது: மாமி கோபமாக இருந்தார்.
காட்டுவது: மாமி பிளேன்டியை வைத்த வேகத்தில் பாதி சாசரில் கிடந்தது. "குடிங்க" என்றார்.

காட்டும் வசனங்கள் கடினமான சொற்களால் ஆனவை அல்ல என்பதைக் கவனியுங்கள். 'அகப்பை', 'சட்டி', 'சாசர்' எல்லாம் பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த சொற்கள். சொல் வளம் இல்லை என்று கவலைப்படும் தங்கைமார் முதலில் தங்கள் வீட்டுக் குசினியை ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு வந்து எழுதலாம்.

இரண்டு எச்சரிக்கைகள்

காட்டுவதும் பாடமாக்கிய வேலையாக மாறிவிடலாம். 'கண்கள் குளமாயின', 'நெஞ்சு படபடத்தது', 'மகிழ்ச்சிக் கடலில் மூழ்கினேன்' போன்றவை ஒரு காலத்தில் யாரோ ஒருவர் உண்மையாகக் கண்டு எழுதியவையாக இருக்கலாம். இன்று அவை எல்லாக் கொப்பிகளிலும் உள்ளன. அவற்றை எழுதும்போது நாம் ஒருவருடைய கண்ணையும் பார்ப்பதில்லை. 'அழுதேன்' என்று நேராக எழுதுவது அதைவிட நல்லது.

மற்ற எச்சரிக்கை என் சொந்த அனுபவம். பத்தாம் தரத்தில் ஒரு கட்டுரைப் போட்டிக்குப் போனேன். தலைப்பு, 'நான் கண்ட விபத்து'. காட்டி எழுத வேண்டும் என்ற ஆசையில் அன்றைய காலை வெயில், சந்திக் கடையின் ரொட்டி வாசம், பஸ் நடத்துனரின் சட்டைப் பொத்தான் என்று ஒன்றரைப் பக்கம் எழுதினேன். மணி அடித்தபோது என் கட்டுரையில் விபத்து இன்னும் நடக்கவில்லை. வீட்டுக்கு வந்து யாரிடமும் அதைச் சொல்லவில்லை. இப்போதுதான் முதன்முதலாக எழுதுகிறேன்.

எல்லாவற்றையும் காட்ட முடியாது, காட்டவும் கூடாது. 'மூன்று நாட்கள் கழிந்தன', 'நாங்கள் கண்டிக்குப் போனோம்' போன்றவற்றைச் சொல்லிவிட்டுக் கடந்து போக வேண்டும். முப்பது நிமிடக் கட்டுரையில் காட்டுவதற்கு ஓரிடம், மிஞ்சினால் இரண்டிடம் போதும். எழுதத் தொடங்குவதற்கு முன்னரே, 'இந்தக் கட்டுரையில் வாசிப்பவர் எதை மறக்கக் கூடாது?' என்று கேட்டு அந்த இடத்தைத் தெரிவு செய்துகொள்ளுங்கள். நின்று பார்க்க வேண்டியது அங்கே மட்டும்தான். மற்ற இடங்களில் வேகமாக நடக்கலாம்.

உம்மாவின் கேள்வி

தங்கச்சியின் இரண்டாவது கட்டுரையை உம்மாவிடம் காட்டினோம். பாராட்டுவார் என்று நினைத்தோம். உம்மா வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "வீட்டு விசயத்த ஏன் புள்ள வெளிய சொல்ற? வாசிக்கிறவங்க என்ன நினைப்பாங்க? மற்றக் கட்டுரையில என்ன பிழை? அதுல எல்லாம் நல்லாத்தானே இருக்கி" என்றார்.

அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. குடும்பத்தின் இரகசியம் ஓர் அமானிதம். வாசிப்பவரின் கண்ணில் நீர் வரவழைப்பதற்காக வீட்டில் உள்ளவர்களின் குறைகளை வெளியே விரிப்பது எழுத்துத் திறமை ஆகாது. ஆகவே நாங்கள் ஒரு விதி வைத்துக்கொண்டோம். யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர் அருகில் உட்கார்ந்து கேட்டால் தலைகுனிய மாட்டார் என்றால் எழுதலாம். கடன், சண்டை, நோய் இவற்றை எழுத வேண்டுமென்றால் முதலில் உரியவரிடம் கேட்க வேண்டும். காட்டுவது என்பது எல்லாவற்றையும் திறந்து வைப்பதல்ல. எதைக் காட்டுவது என்று தெரிவு செய்வதும் அதற்குள் அடங்கும்.

இதை நான் உம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் என் பேச்சைக் கேட்கவில்லை. அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் கோப்பையக் காட்டினதில்லதான்," என்றார். "நான் இத்தின நாளும் அதக் கவனிக்கல்ல."

அன்றிரவு வாப்பா போனில் வந்தபோது உம்மா போனை வாங்கி, "கோப்பையக் காட்டுங்க" என்றார். வாப்பா சிரித்தார். ஏதோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தார். உம்மா விடவில்லை. கடைசியில் போன் கீழே திரும்பியது. ஒரு கடதாசியில் குப்பூஸ் ரொட்டி ஒன்றும் பாதி வெங்காயமும் இருந்தன. சம்பளம் தாமதமாகும் மாதங்களில் அப்படித்தானாம். நாங்கள் யாரும் பேசவில்லை. அடுத்த மாதம் வீட்டுக்கு அனுப்பும் காசில் கொஞ்சத்தைக் குறைத்துக்கொள்ளுமாறு உம்மா சொன்னார். வாப்பா மறுத்தார். உம்மா மறுபடியும் சொன்னார்.

பத்து வயதுப் பிள்ளை ஒருத்தி பரீட்சைக்காக எழுதிய நான்கு வரி, எங்கள் வீட்டில் ஏழு வருடமாக யாரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்கவைத்தது. காட்டி எழுத வேண்டுமென்றால் முதலில் பார்க்க வேண்டும். மாதிரிக் கட்டுரையைப் பாடமாக்கும் பிள்ளைக்கு அந்தப் பார்க்கும் வேலை மிச்சமாகிவிடுகிறது. அவளுக்கு நட்டமாவதும் அதுதான்.

கட்டுரையை அனுப்புவதா, இல்லையா என்ற பேச்சு அதன் பிறகு எழவில்லை. இங்கே அதைப் பிரசுரிப்பதற்கு வாப்பாவிடமும் உம்மாவிடமும் தங்கச்சியிடமும் அனுமதி கேட்டேன். மூவரும் தந்தார்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

மாதிரிக் கட்டுரைகளை வாசிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பந்தி பிரிப்பது, தொடங்கி முடிப்பது, நிறுத்தக்குறி இடுவது எல்லாவற்றையும் அவற்றில் கற்கலாம். ஆனால் பிள்ளை பாடசாலை விட்டு வந்ததும் "இண்டைக்கு என்ன படிச்ச?" என்று கேட்பதோடு நிறுத்திவிடாமல், "இண்டைக்கு என்ன கண்ட?" என்றும் கேளுங்கள். "நல்லா இருந்திச்சு" என்று பதில் வந்தால், "எது?" என்று கேளுங்கள். சோறு தின்னும் நேரத்தில் ஐந்து நிமிடம் போதும். இதற்குக் கட்டணம் இல்லை. பிள்ளை சொல்லும்போது இடையில் திருத்தாதீர்கள். எழுதி முடித்த பிறகு எழுத்துப் பிழையைத் திருத்தலாம். அவள் கண்டதைத் திருத்த வேண்டாம்.

பரீட்சை நாள்

நுழைவுப் பரீட்சையில் வாப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை. தலைப்பு, 'ஒரு மழை நாள்'. மண்டபத்திலிருந்து வெளியே வந்த தங்கச்சியிடம் என்ன எழுதினாய் என்று கேட்டேன். டியூஷன் கொப்பியில் மழைக் கட்டுரையும் இருந்தது. வானம் கறுத்து, மயில் தோகை விரித்து, உழவர்கள் மகிழும் கட்டுரை அது.

"எங்கட வீட்டுக் கூரை ஒழுகினதத்தான் எழுதின ராத்தா," என்றாள். "ரெண்டு வாளி வெச்சமே. வெறும் வாளியில விழக்குள்ள ஒரு சத்தம், நிறைஞ்ச வாளியில விழக்குள்ள வேற சத்தம். சத்தம் மாறினா உம்மா நித்திரையில இருந்து எழும்பி வாளிய மாத்துவா. அத எழுதின."

"வேற?"

"மயில் எழுதல்ல. நாம மயில் காணல்லதானே."

இதை நான் எழுதும்போது பெறுபேறு இன்னும் வரவில்லை. இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்ல உம்மா தயாராகிவிட்டார். தங்கச்சி புதிதாக ஒரு சிறிய கொப்பி வாங்கியிருக்கிறாள். அன்றாடம் கண்டதில் ஒன்றை அதில் எழுதுகிறாள். இரவு ஒன்பது மணிக்கு அதை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டுவாள். வாப்பா இப்போது போனைச் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டுக் கேட்கிறார். கோப்பையும் தெரிகிறது.